வரைபடத்தின் சிவப்பு எந்த சர்வே எண்ணில் விழுகிறது?

நீலகிரியின் சேரம்பாடியைத் தாண்டி வயநாட்டுப் பக்கம் போனால் மலை சரிவதற்கு இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் வெட்டிவிட்ட மண்சுவர் மழையில் ஊறிப் பொதபொதவென்று இறங்கினால் அது ‘மண்ணிடிச்சில்’. மேலே எங்கோ மலை உடைந்து, பாறையும் மரமும் சேறுமாகப் பள்ளத்தாக்கு வழியே உருண்டு வந்தால் அது ‘உருள்பொட்டல்’. நாம் இரண்டையும் நிலச்சரிவு என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். பேச்சுக்கு அது போதும். வீடு கட்டவும் பள்ளிக்கூடத்துக்கு இடம் பார்க்கவும் போதாது. முதலாவது நம் மனைக்குள்ளேயே பிறக்கிறது. இருபது முப்பது அடிக்குள் முடிந்துவிடும். இரண்டாவது நாம் ஏறிப் பார்த்தே இராத மேட்டில் பிறந்து கிலோமீட்டர் கணக்கில் வருகிறது. ஒன்றைக் காட்டும் கருவி மற்றதைக் காட்டாது. இந்தக் கட்டுரையில் வரும் மென்பொருள், வரைபடம், செயலி எல்லாவற்றையும் இந்தப் பிரிவை மனதில் வைத்தே படியுங்கள்.

ஆபத்தறிந்த நிலப் பயன்பாட்டுத் திட்டம் என்பது பெயரில்தான் பெரிது. ஊருக்குள் எந்த நிலத்தில் எதைக் கட்டலாம், எதைக் கூடாது என்று முடிவு செய்யும்போது, அங்கே ஆடி மழையில் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துப் பார்ப்பதுதான் அது. கேள்வி மூன்று. என்ன வரும்? அதன் வழியில் யார் இருக்கிறார்கள்? வந்தால் தாங்குவார்களா? மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் ஆபத்து. ஆளில்லாத சோலைச் சரிவு உடைந்தால் அது காட்டின் கணக்கு. அதே சரிவின் அடியில் இருபது குடும்பம் தூங்கும் லைன் வீடு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) இருந்தால் அது ஊரின் கணக்கு. மூன்று கேள்விக்கும் மூன்று கண்ணாடித் தாளில் விடை வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதைத்தான் கணினி செய்கிறது. இதற்கு விலை கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளும், 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியும் போதும்.

ஒரு கட்டத்துக்குள் 22 சென்ட்

தொடங்குகிறவர்கள் சறுக்கும் முதல் இடம் அளவு. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய நிலச்சரிவு வாய்ப்பு வரைபடம் 1:50,000 அளவில் இருக்கிறது. அதிகம், நடுத்தரம், குறைவு என்று மூன்று நிறம். அந்த நிறுவனத்தின் பூகோஷ் தளத்தில் பதிவு செய்துகொண்டால் பார்க்கலாம். நல்ல வரைபடம்தான். ஆனால் 1:50,000 என்றால் தாளில் ஒரு மில்லிமீட்டர், தரையில் 50 மீட்டர். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஓடும் அரை மில்லிமீட்டர் கோடே 25 மீட்டர் அகலம். ஐந்து சென்ட் மனை என்பது ஏறக்குறைய 14 மீட்டருக்கு 14 மீட்டர். மனை முழுவதும் அந்தக் கோட்டுக்குள்ளேயே அடங்கிவிடும்.

செயற்கைக்கோள் உயரத் தரவும் இப்படித்தான். இலவசமாகக் கிடைப்பதில் பெரும்பாலானவை 30 மீட்டர் கட்டம்: நாசாவின் எஸ்ஆர்டிஎம், ஐரோப்பியர்களின் கோப்பர்னிகஸ், நம் இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் கார்ட்டோசாட் உயர மாதிரி. ஒரு கட்டம் 900 சதுர மீட்டர், அதாவது 22 சென்ட். அந்த 22 சென்ட்டுக்கும் சேர்த்து ஒரே ஓர் உயரம்தான் பதிவாகியிருக்கும். நாலு வீடு, ஒரு நடைபாதை, வீட்டுக்குப் பின்னால் 12 அடி மண்வெட்டு எல்லாம் அந்த ஒற்றை எண்ணுக்குள் கரைந்து காணாமல் போகும். மண்ணிடிச்சிலைச் செயற்கைக்கோள் வரைபடத்தில் தேடுவது வீண் என்பதற்குக் காரணம் இதுதான். அதை நேரில் போய் டேப் பிடித்து அளந்துதான் ஆக வேண்டும். உருள்பொட்டலுக்கு இந்த 30 மீட்டர் கட்டம் ஓரளவு உதவும், ஏனென்றால் அது மலையின் அளவில் நடக்கும் விஷயம்.

மலையைக் கணினிக்குள் ஏற்றுதல்

கூடலூர், பந்தலூர் பக்கத்துக்கு ஒரு வசதி உண்டு. உயரத் தரவு ஒரு பாகைக்கு ஒரு பாகை சதுரமாக வெட்டப்பட்டு வரும். வடக்கு 11, கிழக்கு 76 என்ற ஒரே சதுரத்துக்குள் கூடலூர், பந்தலூர், ஊட்டி, கல்பற்றா, நிலம்பூர் எல்லாம் வந்துவிடுகின்றன. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோப்போ தாளில் (நில அமைப்பு வரைபடத்தில்) 58ஏ என்று வருவதும் இதே சதுரம்தான். ஒரு கோப்பைப் பதிவிறக்கினால் போதும். மாநில எல்லை குறுக்கே வராது.

இறக்கியதும் சரிவுக் கருவியை ஓட்டாதீர்கள். கோப்பு பாகை அளவில் வருகிறது. உயரம் மட்டும் மீட்டரில் இருக்கிறது. அப்படியே சரிவு கணக்கிட்டால் மலை முழுவதும் 89 பாகைச் செங்குத்தாகக் காட்டும். புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் முதல் நாள் பார்ப்பது இந்தப் படத்தைத்தான். ‘வார்ப்’ கருவியால் கோப்பை யூடிஎம் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) மண்டலம் 43 வடக்குக்கு மாற்றுங்கள். குறியீடு இபிஎஸ்ஜி 32643. கிழக்கு 72 பாகையிலிருந்து 78 வரை இந்த மண்டலம்தான். நீலகிரி மட்டுமல்ல, தேனி, செங்கோட்டை, குமரி என்று கேரள எல்லை நெடுக இதே குறியீடு செல்லும். சென்னைக்காரர் செய்து கொடுத்த கோப்பு என்றால் அது 44ஆம் மண்டலத்தில் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பாகையா, சதவீதமா என்ற குழப்பம். 45 பாகை என்பது 100 சதவீதச் சரிவு. 20 பாகை என்பது 36 சதவீதம். ஒருவர் 30 என்று சொன்னால் எதில் என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 14496 இரண்டாம் பகுதி, 1998இல் வந்தது, மலைச்சரிவுக்குத் தாள் கணக்கு ஒன்று தருகிறது. பாறை வகைக்கு 2, பாறையின் பிளவு அமைப்புக்கு 2, சரிவுக்கு 2, நிலப் பயன்பாட்டுக்கு 2, மேடு பள்ள வேறுபாட்டுக்கு 1, நிலத்தடி நீருக்கு 1 என்று மொத்தம் 10 மதிப்பெண். 6-க்கு மேல் போனால் அதிக ஆபத்து, 7.5-ஐத் தாண்டினால் மிக அதிகம். கட்டத்துக்குக் கட்டம் கணக்குப் போடும் ‘ரேஸ்டர் கால்குலேட்டர்’ கொண்டு ஆறு தாளையும் கூட்டினால் இதையே நீங்கள் கணினியில் செய்யலாம். கவனியுங்கள், சரிவுக்கு 10-இல் 2 மதிப்பெண்தான். செங்குத்தாக இருப்பதெல்லாம் சரியும், சாய்வு குறைந்ததெல்லாம் நிற்கும் என்று கண்ணால் எடை போடுவது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

இன்னொரு பொறி உண்டு, அது நம் தேயிலைத் தோட்டத்துக்கே உரியது. இந்த உயரத் தரவுகள் தரையை அளப்பதில்லை. மேலிருந்து பார்த்தால் முதலில் தட்டுப்படுவதை அளக்கின்றன. தேயிலைச் செடி இடுப்பளவு. பக்கத்தில் யூக்கலிப்டஸ் தோப்போ சோலையோ இருந்தால் அது 20 மீட்டருக்கு மேல் நிற்கும். தோட்டமும் காடும் சேரும் ஓரத்தில் கணினி ஒரு போலிப் பாறை விளிம்பைக் காட்டும். கூகுள் எர்த் படத்தை அடியில் வைத்துப் பார்த்தால் மரவரிசையை ஒட்டியே சிவப்புக் கோடு ஓடுவது தெரியும். அதை அழித்துவிடலாம்.

உடையும் இடம் வேறு, போய்ச் சேரும் இடம் வேறு

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயங்கள், அதாவது லைன் வீடுகள், மண்ணுக்குள் போயின. இறந்தவர்கள் 70 பேர், பலரும் கயத்தாறு பக்கத்திலிருந்து போன குடும்பங்கள். லயம் இருந்தது செங்குத்தில் அல்ல. உடைந்தது மேலே மலையில். 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் நடந்ததும் அப்படியே. இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் எடுத்த கணக்குப்படி உடைந்த தலைப்பகுதி கடல்மட்டத்திலிருந்து 1,550 மீட்டர் உயரத்தில் இருந்தது. அங்கிருந்து இறங்கிய சேறும் பாறையும் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் ஓடியது. அதில் சிதைந்த வெள்ளார்மலைப் பள்ளிக்கூடம் ஆற்றங்கரைச் சமதளத்தில் இருந்தது. சரிவு வரைபடத்தில் அந்தச் சமதளம் பச்சையாகத்தான் வரும். உடையும் இடத்தைச் சிவப்பாக்கும் வரைபடம், அது வந்து விழும் இடத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பச்சையைப் பார்த்து மனை வாங்குகிறவர்கள் இதை அறிவதே இல்லை.

வந்து சேரும் இடத்தைப் பிடிக்க நீரோட்டக் கணக்கு வேண்டும். க்யூஜிஐஎஸ்ஸுக்குள்ளேயே கிராஸ் கருவித் தொகுப்பில் ‘ஆர் வாட்டர்ஷெட்’ என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்தில் விழும் தண்ணீரும் எந்தப் பக்கத்துக் கட்டத்துக்கு இறங்கும் என்று பார்த்து, மேலேயிருந்து எத்தனை கட்டத்துத் தண்ணீர் ஓரிடத்தில் சேருகிறது என்று எண்ணிச் சொல்லும். ஓடை தொடங்கும் வரம்பாக முதலில் 100 கட்டம் கொடுங்கள். அது 9 ஹெக்டேர், 22 ஏக்கர் மேடு. வரும் ஓடைக் கோடுகளை டோப்போ தாளிலுள்ள நீலக் கோட்டோடு ஒப்பிடுங்கள். கணினி குறைவாகக் காட்டினால் வரம்பை 50 ஆக்குங்கள். கோடையில் ஈரம்கூட இல்லாமல், நடந்து போகும்போது வெறும் பள்ளமாகத் தெரியும் இடங்களும் இந்தக் கணக்கில் மாட்டும். உருள்பொட்டல் பெரும்பாலும் அந்த வறண்ட பள்ளத்தின் தலைமாட்டில்தான் பிறக்கிறது. பிறந்தபின் ஓடையின் தடத்தையே பிடித்துக்கொண்டு இறங்குகிறது.

எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்குக் கையாலேயே ஒரு கணக்குப் போடலாம். உடையும் இடத்திலிருந்து நிற்கும் இடம் வரை ஒரு நேர்கோடு இழுத்தால் அது கிடைமட்டத்தோடு செய்யும் கோணம் ஓர் எல்லைக்குக் கீழே போகாது. உருள்பொட்டலுக்கு முதல் பார்வையில் 11 பாகை எடுத்துக்கொள்வது வழக்கம். தலைப்பகுதி உங்கள் மனையைவிட 300 மீட்டர் மேலே இருந்தால் 300-ஐ 0.194-ஆல் வகுங்கள்: ஏறக்குறைய 1,550 மீட்டர். அந்தத் தூரத்துக்குள், அந்த ஓடையின் வழியில் உங்கள் மனை இருந்தால் யோசிக்க வேண்டும். லௌசான் பல்கலைக்கழகத்தில் உருவான ஃப்ளோ-ஆர் என்ற இலவச மென்பொருள் இதே கோணத்தை வைத்து ஆயிரம் ஓடைகளுக்கு ஒரே நேரத்தில் கணக்கிட்டு, சேறு விசிறி போல விரியும் பரப்பையும் வரைந்து தரும். ஆனால் 11 பாகை வேதவாக்கு அல்ல. முண்டக்கையில் சேறு அதைவிட மிகத் தட்டையாக, ஆற்றுத் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு ஓடியது. பெரிய ஓடையில் போய்ச் சேரும் பள்ளம் என்றால் கணக்கை அங்கேயே நிறுத்தாமல் கீழ் ஊர் வரை நீட்டிப் பாருங்கள். பாண்டியாறு புன்னம்புழா என்ற ஆறு கூடலூர் மலையில் பிறந்து, கேரளத்தில் சாலியாற்றில்தான் போய்ச் சேருகிறது. நம் மேட்டில் உடைவது அவர்கள் ஊர்க் கணக்கிலும் இருக்கிறது.

பழைய தழும்பையும் பாருங்கள். முண்டக்கையில் 1984-லேயே சரிவு வந்து ஆள் இறந்திருக்கிறார்கள். 2024-இல் உடைந்ததும் பழைய சரிவின் தழும்பு இருந்த இடத்தில்தான் என்று தொலையுணர்வு மையமே எழுதியது. கூகுள் எர்த் கணினிப் பதிப்பில் மேலே கடிகாரப் படம் இருக்கும். அதைத் தட்டினால் பழைய ஆண்டுப் படங்களுக்குப் போகலாம். பச்சைக்கு நடுவே செம்மண் கீறல், பிறகு அதே இடத்தில் இளம்பச்சைப் புல், பிறகு ஒன்றுமே தெரியாத காடு. மூன்று படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் தழும்பு தெரியும். ஏப்ரல், மே மாதப் படம் எடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே மேகம்தான் இருக்கும்.

தண்ணீர் ஏறும் வயல்

ஆற்று வெள்ளத்துக்குப் பலர் நம்புவது ரேடார் படத்தை. சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள் மேகத்தையும் இருட்டையும் ஊடுருவும். தேங்கிய நீர் கண்ணாடி மாதிரி கதிரை வேறு பக்கம் தட்டிவிடுவதால் படத்தில் கறுப்பாக விழும். ஆலப்புழாவுக்கோ கடலூருக்கோ அருமையான கருவி. மலைக்கு அவ்வளவு இல்லை. ஒரு செயற்கைக்கோள் அதே தடத்துக்குத் திரும்ப 12 நாள் ஆகிறது. நம் ஓடையில் வெள்ளம் நாலு மணி நேரத்தில் வந்து வடிந்துவிடுகிறது. படத்தில் வெள்ளம் இல்லை என்றால் வெள்ளமே வராத இடம் என்று அர்த்தமாகாது. இன்னொன்று, செங்குத்து மலையின் நிழலும் ரேடாரில் கறுப்பாகவே விழும். மலை உச்சியில் ஏரி காட்டுகிற வரைபடங்கள் இப்படிப் பிறந்தவைதான்.

அதனால் இங்கே எளிய வழி, ஓடை மட்டத்திலிருந்து நிலம் எவ்வளவு மேலே என்று பார்ப்பது. நீரோட்டக் கணக்கில் வந்த ஓடைக் கோட்டை அடிப்படையாக வைத்து, ஒவ்வொரு கட்டமும் தன் தண்ணீர் சேரும் ஓடையைவிட எத்தனை மீட்டர் உயரம் என்று கழித்துப் பார்க்கலாம். 2 மீட்டருக்குள் இருப்பதை ஒரு நிறம், 5 மீட்டருக்குள் இருப்பதை இன்னொரு நிறம் ஆக்குங்கள். இலவச உயரத் தரவில் சில மீட்டர் பிழை சாதாரணம் என்பதால், இதைப் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஊருக்குப் போய்ச் சுவரில் சேறு படிந்த கறையின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து குறித்தால் அதுவே உங்கள் அளவுகோல். ஊர்ப் பெயரும் ஒரு தரவுதான். பெயர் ‘வயல்’ என்று முடிகிற இடம் ஒரு காலத்தில் நெல் விளைந்த சதுப்பு; மண் கொட்டி மேடாக்கி வீடு கட்டினாலும் தண்ணீர் பழைய வழியை மறப்பதில்லை.

மழையை எண்ணும் விதம்

2024-இல் முண்டக்கை அருகே ஒரு மழைமானியில் 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் பதிவானது. ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். அந்த 572 மில்லிமீட்டர் ஒரு ஏக்கருக்கு 23 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 190 லோடு. மலை இவ்வளவையும் உறிஞ்சிக்கொண்டு நிற்க வேண்டும்.

வானிலைத் துறை 24 மணி நேர மழையை 64.5-க்கு மேல் கனமழை, 115.6-க்கு மேல் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை என்று பிரிக்கிறது. நாள் கணக்கு காலை 8.30-க்கு 8.30. இரவெல்லாம் பெய்து காலை பத்து மணிக்கு ஓய்ந்த மழை இரண்டு நாளில் பிரிந்து பதிவாகும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் அதிகனமாகத் தெரியாது. சரிவுக்கு ஒரு நாள் எண்ணைவிட மூன்று நாள் கூட்டுத்தொகை முக்கியம். எஸ்டேட் அலுவலகங்களில் பல தலைமுறை மழைப் பதிவேடு தூசி படிந்து கிடக்கும். கேட்டு வாங்குங்கள், ஆனால் அலகைப் பாருங்கள். பழையவை அங்குலத்தில் இருக்கும், 25.4-ஆல் பெருக்க வேண்டும். இரண்டு அலகும் கலந்து தட்டச்சு செய்த பட்டியல் ஒன்று போதும், முழு ஆய்வையும் கெடுக்க.

பருவநிலை மாற்றத்தை எப்படிச் சேர்ப்பது? நாசா இலவசமாகத் தரும் எதிர்கால மாதிரித் தரவின் கட்டம் 25 கிலோமீட்டர். தேவாலாவில் நாள்கணக்கில் மழை கொட்டும், நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டர் தள்ளி மசினகுடியில் முட்காடு. இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் வைத்திருக்கும் மாதிரியிடம் போய் என் ஊரில் எத்தனை மில்லிமீட்டர் பெய்யும் என்று கேட்கக் கூடாது. எத்தனை சதவீதம் மாறும் என்று மட்டும் கேளுங்கள். உதாரணத்துக்கு, அதிகபட்ச ஒரு நாள் மழை 15 சதவீதம் கூடும் என்று பல மாதிரிகள் ஒத்துச் சொன்னால், உங்கள் எஸ்டேட் பதிவேட்டின் 250 மில்லிமீட்டரை 287 ஆக்கி, ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் கல்வெர்ட்டின் அளவைப் போடுங்கள். காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பது இதற்கு அடியில் இருக்கும் இயற்பியல்.

நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழை என்ற சொல்லையும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே அதன் பொருள். 30 வருட வீட்டுக்கடன் முடிவதற்குள் அது ஒருமுறையாவது வர 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

பட்டா இல்லாத கூரைகள்

வழியில் யார் இருக்கிறார்கள் என்பது இரண்டாவது தாள். பட்டா, சிட்டா, வரி ரசீதை வைத்து வீடுகளை எண்ணினால் கூடலூரில் கணக்குப் பாதியில் நின்றுவிடும். ஜென்மம் என்ற பழைய நிலவுடைமை முறையை நீக்கிய ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17 நிலத்தில் பல்லாண்டாகக் குடியிருப்பவர்களுக்குப் பட்டா கிடையாது. ஆவணத்தில் இல்லாத வீடு ஆபத்து வரைபடத்திலும் இல்லாமல் போகும். அதனால் கூரையை எண்ணுங்கள். கூகுளின் ஓப்பன் பில்டிங்ஸ் தரவில் செயற்கைக்கோள் படத்திலிருந்து கணினி அடையாளம் கண்ட கூரை வடிவங்கள் கிடைக்கின்றன. அதை மேலே போட்டு, மரத்தடியில் மறைந்தவற்றையும் கொட்டகையை வீடு என்று எண்ணியதையும் கையால் திருத்த வேண்டும். லைன் வீட்டின் நீளக் கூரையை அது ஒரே கட்டிடமாக எண்ணும். உள்ளே எட்டுக் குடும்பம் இருக்கும்.

ஆள் கணக்கை இரவுக்கு எடுங்கள். பகலில் தோட்டத்தில் சிதறி இருப்பவர்கள் இரவில் ஒரே கூரைக்குள். பெட்டிமுடியும் முண்டக்கையும் இரவில்தான் நடந்தன. நடக்க முடியாத முதியவர், கைக்குழந்தை, வெளியேற ஒரே பாதை உள்ள குடியிருப்பு என்று மூன்று குறிப்பு சேர்த்தால் மூன்றாவது கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

நேரில் போகும்போது

க்யூஃபீல்ட் என்ற செயலியில் உங்கள் க்யூஜிஐஎஸ் வரைபடத்தை ஏற்றிக்கொண்டால் சிக்னல் இல்லாத பள்ளத்திலும் வேலை செய்யும். பலர் ஜிபிஎஸ் முத்திரை விழும் கேமரா செயலியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதில் ஒரு தொல்லை: வண்டியை விட்டு இறங்கியதும் படம் எடுத்தால் சில சமயம் ஐந்து நிமிடம் முன்பிருந்த இடத்தின் முத்திரை விழும். திறந்த வெளியில் ஒரு நிமிடம் நின்று, பிழை 5 மீட்டருக்குள் வந்தபின் எடுங்கள். சில்வர் ஓக் நிழலில் அது 10, 15 மீட்டருக்குப் போகும்.

பார்க்க வேண்டியது என்ன? மேட்டில் பிறை வடிவ விரிசல். சாய்ந்த மின்கம்பம். அடியில் வளைந்து மேலே நிமிர்ந்த மரம். திடீரென்று திறந்த ஊற்று, அல்லது இத்தனை நாள் ஓடிய ஊற்று நின்றுபோனது, தெளிவாக வந்தது கலங்கலாக வருவது. கதவு நிலையில் சிக்குவது. வயநாடு, இடுக்கியில் மண்ணுக்கடியில் தண்ணீர் குழாய் போலக் குடைந்து ஓடும் அரிப்பும் உண்டு. மேலே புல் அப்படியே இருக்கும், ஒருநாள் முற்றம் உள்ளே இறங்கும். அதை எந்தச் செயற்கைக்கோளும் காட்டாது.

மண்ணிடிச்சிலுக்கு அளக்க வேண்டியது ஒவ்வொரு வீட்டின் பின்பக்கமும்: வெட்டின் உயரம், சுவருக்கும் வெட்டுக்கும் இடைவெளி, வெட்டின் தலையில் மழைநீர் வடிகால் உண்டா, மேல் வீட்டுக் கூரைத் தண்ணீரும் கழிவறைக் குழியும் எங்கே இறங்குகின்றன. 900 சதுர அடிக் கூரையில் 200 மில்லிமீட்டர் பெய்தால் 16,700 லிட்டர். அதை ஒரே குழாயில் சேர்த்துக் கீழ்வீட்டுக்காரரின் வெட்டுக்கு மேல் விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெட்டின் உயரத்துக்குக் குறையாத இடைவெளி என்பதைத் தொடக்கக் கணக்காக வையுங்கள். 12 அடி வெட்டுக்கு அடியில் மூன்றடி சந்து விட்டிருக்கும் வீட்டை, வரைபடம் என்ன நிறம் சொன்னாலும், சிவப்பில் சேர்த்துவிடலாம்.

நிறத்தைச் சர்வே எண்ணுக்கு இறக்குவது

இதுவரை செய்தது எல்லாம் படம். ஊராட்சியோ நகராட்சியோ அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் சர்வே எண்ணுக்கும் உட்பிரிவுக்கும்தான். இணையத்தில் கிடைக்கும் புலப்படத்தை (சர்வே எண்ணின் எல்லைகளைக் காட்டும் படத்தை) வரைபடத்தோடு பொருத்த க்யூஜிஐஎஸ்ஸின் ‘ஜியோரெஃபரென்சர்’ உதவும். குறைந்தது நாலு சர்வே கல்லை நேரில் கண்டுபிடித்து அளவெடுங்கள். பொருத்தும் முறையில் ‘ஹெல்மெர்ட்’ தேர்ந்தெடுங்கள். அது படத்தைத் திருப்பும், நகர்த்தும், பெரிதாக்கும், ஆனால் வடிவத்தை நெளிக்காது. ‘பாலினாமியல்’ போட்டால் கல் எல்லாம் அழகாகப் பொருந்தும், நடுவில் உள்ள புலம் கோணிக்கொள்ளும். பிழை குறைந்துவிட்டது என்று அதைப் பார்த்து மகிழ்கிறவர்கள் நிறைய.

புலப்படத்தில் 5, 10 மீட்டர் பிழை. சரிவுத் தரவில் ஒரு கட்டம், 30 மீட்டர். எனவே ஓடைத் தடத்துக்கு இருபுறமும் 30 மீட்டர் ‘பஃபர்’, அதாவது ஓரப் பட்டை, போட்டு, அது தொடும் உட்பிரிவை எல்லாம் பட்டியலாக எடுங்கள். இந்தப் பட்டியல் தடைப் பட்டியல் அல்ல, நேரில் பார்க்க வேண்டிய பட்டியல். பார்த்தபின் மூன்றாகப் பிரியும். புதுக் கட்டிடம் கூடாது, தேயிலையோ புல்லோ இருக்கட்டும் என்பது ஒன்று. வெட்டு, வடிகால், இடைவெளி நிபந்தனையோடு கட்டலாம் என்பது இரண்டு. வழக்கமான விதி போதும் என்பது மூன்று. பள்ளி, அங்கன்வாடி, மழைக்கால முகாம் ஆகியவற்றுக்கு மட்டும் நடுவில் உள்ள வகை கிடையாது. சந்தேகம் இருந்தால் வேறு இடம். ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) கட்டுப்பாட்டில் வரும் கிராமங்களில் கட்டுமான அனுமதிக்கு ஏற்கெனவே கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை, வனத்துறை என்று தடையில்லாச் சான்று கேட்கிறார்கள். உங்கள் பட்டியல் அந்தக் கோப்போடு சேர்ந்தால் அதிகாரி எதைப் பார்க்கப் போக வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும்.

ஏற்கெனவே கட்டிவிட்ட வீட்டுக்கு நிறம் மாற்றி ஆவதொன்றுமில்லை. அங்கே பட்டியலில் இன்னொரு பத்தி வேண்டும்: எத்தனை மில்லிமீட்டருக்கு வீட்டை விட்டு இறங்க வேண்டும், எந்த வழியாக, எங்கே. நீலகிரிக்குப் புவியியல் ஆய்வு நிறுவனம் தினசரி நிலச்சரிவு முன்னறிவிப்பு தருகிறது. பூஸ்கலன் செயலியில் பார்க்கலாம். அது வட்டார அளவிலான அறிவிப்பு. வயநாட்டில் ஹியூம் சூழலியல் மையம் இருநூறுக்கும் மேற்பட்ட மழைமானிகளை ஊர்க்காரர்களைக் கொண்டே ஓட்டுகிறது. ஓர் ஓடைக்கு ஒரு மழைமானி என்ற அளவுக்கு நெருங்கினால்தான் அறிவிப்பு உங்கள் லைன் வீட்டுக்குப் பொருந்தும். பிளாஸ்டிக் மழைமானி ஒன்றும் பெரிய செலவில்லை. மரத்தடியிலும் கூரை ஓரத்திலும் வைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வரைபடத்தை வெட்டும்போது தாலுகா எல்லையில் வெட்டாதீர்கள். நீர்ப்பிடிப்பின் முகடு வரை, அதற்கு மேல் இன்னும் இரண்டு கிலோமீட்டர் விட்டு வெட்டுங்கள். எல்லையில் வெட்டிய உயரத் தரவில் ஓரத்து ஓடைகளுக்கு மேலிருந்து வரும் தண்ணீர் காணாமல் போய், எருமாடு, தாளூர் பக்கத்து ஓடைகள் எல்லாம் சின்ன வாய்க்காலாகத் தெரியும்.

கடைசியாக அச்சு. ஏ3 தாளில், நிறத்தைவிட ஊர்க்காரர் அறிந்த அடையாளங்கள் பெரிதாக: கோயில், சர்ச், பள்ளிவாசல், ரேஷன் கடை, பாலம், கொழுந்து எடை போடும் கொட்டகை. பின்பக்கம் சர்வே எண் பட்டியல். பருவமழை ஜூனில் இறங்குகிறது. கிராம சபை மே 1-ஆம் தேதி கூடுகிறது. சேரங்கோடு, நெலாக்கோட்டை போன்ற ஊராட்சியில் அன்று பட்டியலை வரி வரியாக வாசித்தால் பத்தாவது வரிக்குள் ஒருவர் எழுந்து, அந்த ஓடை இப்போது அங்கே இல்லை, ரோடு போட்டபோது கல்வெர்ட்டைத் தள்ளி வைத்துவிட்டார்கள், தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது என்பார். பென்சிலால் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் க்யூஃபீல்டோடு போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது.